திருவிழாவும் வெளிநாட்டு வாத்தியாரும்

மன்னார்குடி ராஜகோபாலசாமி கோயிலின் பங்குனிப் பெருவிழா 18 நாள் நடக்கும். அதில் 16-ஆம் நாள் வெண்ணெய்த்தாழி. அன்றைக்குப் பெருமாள் தவழ்கிற பிள்ளை. வெண்ணெய்த் தாழியோடு பல்லக்கில் ஏறி வீதி வீதியாக வருவார். வாசலில் காத்து நிற்கிறவர்கள் வாங்கி வைத்திருக்கும் வெண்ணெயை விரலால் வழித்து அவர் மேல் எறிவார்கள். கிழவிகள் எறிவார்கள், பள்ளிப் பிள்ளைகள் எறிவார்கள், இடுப்பில் இருக்கும் குழந்தையின் கையைப் பிடித்துத் தாய்மார்கள் எறிய வைப்பார்கள். குறி தவறியது பல்லக்குத் தூக்குகிறவர்களின் தோளிலும் பட்டரின் மேலும் விழும். பங்குனி வெயிலில் அது உருகி வழிய, தெருவே நெய் மணக்கும்.

முதல்முறை பார்க்கிற வெளியூர்த் தமிழருக்கே இது திகைப்பாக இருக்கும். கோயில் என்றால் மௌனமாக மண்டியிடும் இடம் என்று பழகி வந்த ஒரு வெளிநாட்டுக்காரர் இதை எப்படிப் பார்த்திருப்பார்? அப்படிப்பட்டவர்கள் இந்த ஊரிலேயே குடியிருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷன் மன்னார்குடியில் பள்ளிக்கூடம் நடத்தியது. இங்கிலாந்திலிருந்து வந்த பாதிரிமார் அதைக் கவனித்துக்கொண்டார்கள். அந்த மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஃபின்ட்லேயின் பெயர்தான் இன்றைக்கும் ஊரார் வாயில் 'பின்லே ஸ்கூல்' என்று வழங்குகிறது.

ஆனால் காவிரிக் கரையில் வெளிநாட்டு வாத்தியாரும் உள்ளூர்த் திருவிழாவும் எதிரெதிரே நின்ற கதை பின்லேக்கு மிகவும் முந்தியது. அதன் தொடக்கத்தில் மன்னார்குடி கோயிலைப் பெருக்கிக் கட்டிய குடும்பமே இருக்கிறது.

1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனோடு உடன்படிக்கை செய்து, தரங்கம்பாடியில் கோட்டை கட்டிக்கொள்ள இடம் கொடுத்தார். அங்கே எழுந்ததுதான் டான்ஸ்பர்க் கோட்டை. ரகுநாதரின் மகன் விஜயராகவ நாயக்கர். முதலாம் குலோத்துங்கன் காலத்தில் தொடங்கிய மன்னார்குடி கோயிலுக்கு மதிலும் மண்டபமும் கோபுரமும் சேர்த்து இன்றைய அளவுக்கு வளர்த்தவர் அவர். மன்னாரின் அடியவன் என்றே தன்னைச் சொல்லிக்கொண்டார். 1673-இல் மதுரைப் படையோடு நடந்த போரில் அவர் இறந்தார்; தஞ்சை நாயக்கர் ஆட்சியும் அதோடு முடிந்தது. தகப்பன் எழுதிக் கொடுத்த கடற்கரை மட்டும் டேனிஷ்காரர் கையிலேயே இருந்தது. 1706 ஜூலையில் அந்தக் கரையில் இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் வந்து இறங்கினார்கள். ஒருவர் பார்த்தலோமேயு சீகன்பால்கு, வயது 24. மற்றவர் ஹென்ரிக் புளூட்சௌ.

சீகன்பால்கு கற்பிக்க வந்தவர். வந்ததும் அவர் செய்த முதல் வேலை பள்ளியில் சேர்ந்தது. எழுபது வயதுத் திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரைத் தன் வீட்டிலேயே பள்ளியை நடத்தச் சொல்லி, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் 'அ, ஆ' எழுதினார். இரண்டு ஆண்டுக்குள் தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி 1708-இல் அவற்றுக்கு ஒரு பட்டியல் தயாரித்துவிட்டார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். கற்றுக்கொடுத்த முதியவரின் மகன் கணபதி வாத்தியாரும், ஐரோப்பிய மொழிகள் தெரிந்த துபாஷி அழகப்பனும் அவருக்கு ஊரைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவர்கள்.

திருவிழாக்கள் அவர் கண்ணில் படாமல் இருக்க வழியில்லை. கொடியேற்றம், தேர், தெப்பம், காப்புக் கட்டு, தீமிதி என்று டெல்டாவில் ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒன்று நடக்காத மாதம் கிடையாது. கண்டிப்பதற்காகத்தான் அவர் பார்க்கத் தொடங்கினார். அதை மறைக்கவும் இல்லை. ஆனால் பார்த்ததை நிறுத்தாமல் எழுதினார். 1713-இல் எழுதி முடித்த 'தென்னிந்தியக் கடவுளரின் வம்சாவளி' என்ற ஜெர்மன் நூலில் ஒவ்வொரு தெய்வத்துக்கும் பெயர், உருவம், கோயில், விரதம், திருவிழா, படையல் என்று வரிசையாகக் குறிப்பு இருக்கிறது. சிவன், திருமாலோடு நிற்காமல் ஐயனார், மாரியம்மன், பிடாரி வரை போனார். அக்காலத்து ஏட்டுச் சுவடிகளில் புராணம் கிடைக்கும், தலபுராணம் கிடைக்கும். பிடாரி கோயில் பூசாரி என்ன படைத்தார், யார் விரதம் இருந்தார்கள் என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று உள்ளூரில் யாருக்கும் தோன்றவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யார் எழுதுவார்கள்?

தெரியாதவர் கேட்டார். கேட்டதால் பதில் வந்தது. 1712 முதல் 1714 வரை தரங்கம்பாடி மிஷனரிகள் தமிழர்களுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பி, பதில்களை வாங்கி ஜெர்மனில் பெயர்த்தார்கள். 'மலபார் கடிதங்கள்' என்று பெயர் பெற்ற அவை 90-க்கும் மேல் இருக்கும். வானியல், வைத்தியம், கல்யாணம், நோன்பு, பண்டிகை எல்லாம் அதில் வருகின்றன. பதில் எழுதியவர்களில் முக்கியமானவர் அழகப்பன் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கடிதங்களில் விமரிசனமும் உண்டு. கிறிஸ்தவர்கள் குளிப்பதில்லை, குடிக்கிறார்கள், மாட்டிறைச்சி தின்கிறார்கள், பிறகு எங்கள் ஒழுக்கத்தைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று தமிழர்கள் நேராகவே எழுதினார்கள். அதையும் விட்டுவிடாமல் மொழிபெயர்த்து ஜெர்மனியில் உள்ள ஹாலே நகரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே 1714-இலிருந்து அச்சானது.

'வம்சாவளி'க்கு அந்த யோகம் இல்லை. ஹாலேயிலிருந்து இந்த மிஷனுக்கு வழிகாட்டிய ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே, புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பிய ஆட்கள் அதன் கட்டுக்கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதா என்று கையெழுத்துப் படியைக் கிடப்பில் போட்டுவிட்டார். சீகன்பால்கு 1719-இல் 36 வயதில் இறந்தபோதும் அது அச்சாகவில்லை.

வெளியிலிருந்து போன ஆசிரியர் ஊர்ப் பண்டிகையைக் கண்டு மலைப்பது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய கதை இல்லை. அதில் மிகப் பெயர் பெற்றவர் சீனத்துக்குப் போன இத்தாலிய ஏசு சபைக்காரர் மத்தேயோ ரிச்சி. சீனம் போவதற்கு முன் அவர் இந்தியாவில் வாத்தியார். கோவாவில் கிரேக்கம் கற்பித்தார், 1580-இல் கொச்சியில் குருப்பட்டம் பெற்றார், 1582-இல் மக்காவுக்குக் கப்பலேறினார். 1599-இல் நான்கிங் நகரத்தில் சீனப் புத்தாண்டைப் பார்த்தார். அந்த ஒரு மாதம் வாணவேடிக்கையில் அவர்கள் கொளுத்துகிற வெடிமருந்து ஐரோப்பாவில் சில ஆண்டுகள் போர் நடத்தப் போதும் என்று கணக்குப் போட்டு எழுதினார். போர் நடக்கிற கண்டத்திலிருந்து வந்தவருக்கு வெடிமருந்தைக் கொண்டாட்டத்துக்குச் செலவிடுவது அதிசயமாகப் பட்டிருக்கிறது.

புத்தாண்டு வாணத்தில் அவருக்கு நெருடல் இல்லை. சிக்கல் வந்தது முன்னோர் வழிபாட்டில். வசந்தத்தில் வரும் சிங்மிங் நாளில் சீனர்கள் கல்லறையைத் துப்புரவு செய்து, உணவு வைத்து, ஊதுவத்தி ஏற்றிப் பெற்றோரை வணங்குவார்கள். ஞானஸ்நானம் பெற்றவர் இதைச் செய்யலாமா? செய்யலாம், இது குடும்ப மரியாதை என்றார் ரிச்சி. கிட்டத்தட்ட அதே காலத்தில், 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நோபிலியும் காவி உடுத்து, சந்தனம் பூசி, இந்த நாட்டுப் பழக்கங்களில் பல வெறும் நாகரிகம்தான், சமயமல்ல என்று வாதாடினார். ஒரே சபையைச் சேர்ந்த இரண்டு வாத்தியார்கள். ஒருவருக்குப் பீக்கிங், ஒருவருக்கு மதுரை.

நூறு ஆண்டுக்குப் பிறகு இந்த இரண்டு வழக்குகளுக்கும் ஒரே நீதிபதி வந்தார். சார்லஸ் தாமஸ் மயார் தெ தூர்னோன் என்ற அவர் போப்பாண்டவரின் தூதர். சீனத்துக்குப் போகும் வழியில் 1703 நவம்பரில் புதுச்சேரியில் இறங்கினார். உடம்புக்கு முடியாமல் எட்டு மாதம் தங்க நேர்ந்தது. பெரும்பாலும் படுக்கையில் இருந்தபடியே விசாரித்து, 1704 ஜூனில் ஓர் ஆணை எழுதினார். ஜூலையில் அதை வெளியிட்டு, சில நாளிலேயே கப்பலேறிவிட்டார். அங்கே போய் 1707-இல் நான்கிங்கில் சீனச் சடங்குகளுக்கும் தடை போட்டார். காங்சி பேரரசர் அவரை மக்காவுக்கு அனுப்பிக் காவலில் வைக்கச் செய்ய, 1710-இல் அங்கேயே இறந்தார்.

புதுச்சேரி ஆணையைப் படிக்கிறவருக்கு அக்காலத்துத் தமிழ்க் கொண்டாட்டங்களின் பட்டியல் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. தாலிக்கயிற்றில் 108 இழை, மஞ்சள் பூச்சு கூடாது. கல்யாணத்தில் அரசங்கிளை நடக்கூடாது, தேங்காய் உடைத்துச் சகுனம் பார்க்கக் கூடாது. பெண் பெரியவளானால் விழா எடுக்கக் கூடாது. நெற்றியில் சாணச் சாம்பல் கூடாது. கிறிஸ்தவ மேளக்காரர்கள் கோயில் திருவிழாவில் வாசிக்கக் கூடாது.

கடைசியாகச் சொன்னதில் கொஞ்சம் நிற்க வேண்டும். காவிரிப் படுகையில் மேளமும் நாகசுரமும் பறையும் வாசிக்கிறவருக்கு வருமானம் கோயிலிலிருந்துதான். தவில்காரர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சுவாமி புறப்பாட்டுக்கு அவர் வேண்டும். அவருக்கும் அந்த நெல்லும் காசும் வேண்டும். அவர்கள் வாசித்துக்கொண்டிருந்ததால்தான் தடை வந்தது. தெருவில் இயல்பாக நடந்துகொண்டிருந்த ஒரு கூட்டு வாழ்க்கைக்கு இந்தத் தடையைவிட நல்ல சாட்சி இல்லை.

அதே ஆணையில் வேறு இரண்டு கட்டளைகளும் இருந்தன. மாதவிலக்கான பெண்களைக் கோயிலுக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கும் வரக்கூடாது என்று தடுக்கக் கூடாது. தாழ்த்தப்பட்ட சாதியார் நோயில் கிடந்தால் குருமார் அவர்கள் வீட்டுக்குள்ளேயே போய்த் திருவருட்சாதனம் கொடுக்க வேண்டும். இதைத்தான் அப்போது பல குருமார் எதிர்த்தார்கள். சாதிக் கட்டை மீறினால் மேல்சாதியார் விட்டுப் போய்விடுவார்கள் என்றார்கள். ஆக, தேங்காயைத் தடுத்த கைதான் தீண்டாமையையும் தடுத்தது. 1704-ஐப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதில் ஒரு பாதியை மட்டும் சொல்கிறார்கள். நோபிலியைப் புகழ்கிறவர் தேங்காயைச் சொல்வார். தூர்னோனைப் புகழ்கிறவர் நோயாளியின் வீட்டைச் சொல்வார். இரண்டும் ஒரே தாளில் இருந்தன.

ரோம் இந்தத் தடைகளைச் சீனத்துக்கு 1742-லும் தமிழகத்துக்கு 1744-லும் உறுதி செய்தது. சீனத்துத் தடை 1939 டிசம்பரிலும், இங்கே வருகிற குருமார் எடுக்க வேண்டியிருந்த உறுதிமொழி 1940-லும் நீங்கின. இடையில் ஏறத்தாழ இருநூறு ஆண்டு.

தடைகள் ஒருபுறம் இருக்க, வெளிநாட்டார் எழுதி வைத்த பொங்கலுக்கு வருவோம். ஐரோப்பிய மொழியில் பொங்கலை விரிவாக எழுதியவர்களில் பலரும் எடுத்துக்காட்டுவது பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவாவை. 1792-இல் புதுச்சேரிக்கு வந்து, தலைப்பாகை கட்டி, தாடி வளர்த்து, பெரும்பாலும் மைசூர்ப் பக்கமாக இந்தியாவில் முப்பது ஆண்டு வாழ்ந்தவர். அவருடைய கையெழுத்துப் படியைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1807-இல் விலைக்கு வாங்கி, 1816-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டது. அதில் பெரும்பகுதி அவருக்கு ஒரு தலைமுறை முந்திப் புதுச்சேரியில் இருந்த ஏசு சபைக்காரர் கேர்தூவின் எழுத்து என்று 1987-இல் சில்வியா மூர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் நிறுவினார். அப்படிப் பார்த்தால் துபுவா சொல்கிற பொங்கலுக்கு நாம் நினைப்பதைவிட வயது கூடுதலாகவே இருக்கலாம்.

மார்கழியில் தொடங்குகிறது அந்த வருணனை. விடியலில் பெண்கள் வாசலைச் சாணம் தெளித்து மெழுகி, மாவால் கோலம் இழைக்கிறார்கள். கோலத்தின் மேல் சாண உருண்டைகளை வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு பூசணிப்பூவைச் செருகுகிறார்கள். அந்த உருண்டைகளைத் தினமும் எடுத்துச் சேர்த்து வைத்து, மாதம் முடிந்ததும் கூடையில் அள்ளிக் கொண்டு, மேளத்தோடு கைதட்டிக்கொண்டே ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போடுகிறார்கள். பொங்கலன்று சுமங்கலிகள் உடுத்த துணியோடு முழுகி, ஈரம் சொட்டச் சொட்ட வெட்டவெளியில் பானை ஏற்றுகிறார்கள். பால் பொங்கியதும் எல்லோருமாகப் "பொங்கலோ பொங்கல்" என்று கூவுகிறார்கள். பானையைப் பிள்ளையார் முன் இறக்கிப் படைத்துவிட்டு, ஒரு பங்கு மாட்டுக்கு, மற்றது வீட்டாருக்கு. பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துப் பொங்கிற்றா என்று கேட்க, பொங்கிற்று என்று பதில். மன்னார்குடிப் பக்கத்தில் இன்றைக்கும் தை முதல் நாள் காலையில் போன் எடுத்தால் முதல் கேள்வி "பால் பொங்கிச்சா?" என்பதுதான்.

மாட்டுப் பொங்கலை அவர் இன்னும் நிதானமாக எழுதுகிறார். தண்ணீரில் மஞ்சள் பொடியும் பருத்தி விதையும் வேப்பிலையும் போட்டு, மாடுகளைச் சுற்றி வந்து தெளிக்கிறார்கள். கொம்புக்கு வண்ணம் பூசி, கழுத்தில் தழை மாலையும் தேங்காய்களும் கட்டி ஓட்டுகிறார்கள். ஓடுகிற மாட்டிலிருந்து தேங்காய் அறுந்து விழ, பொறுக்குவதற்கு ஒரு கூட்டம் பின்னாலேயே ஓடுகிறது. அன்றைக்கு மாடு யார் வயலில் இறங்கி மேய்ந்தாலும் விரட்டுவதில்லை. இந்தக் கடைசி விவரத்தின் அருமை டெல்டா விவசாயிக்குத் தெரியும். தை பிறக்கும்போது இங்கே சம்பா பல இடங்களில் அறுவடைக்கு நிற்கும். வருஷமெல்லாம் வரப்பில் கால் வைத்த மாட்டைக் கம்பெடுத்து விரட்டுகிறவர் ஒரு நாள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பட்டி மாட்டுக்குக் கொடுக்கிற மரியாதை அவர் நெல்லில் கை வைக்கிற அளவுக்குப் போயிருக்கிறது.

துபுவா இதையெல்லாம் மூடநம்பிக்கை என்றே எழுதினார். நூல் முழுக்க அந்தத் தொனி உண்டு, சில இடங்களில் வெறுப்பாகவும் திரும்பும். ஆனாலும் பூசணிப்பூவை அவர் கண் தவறவிடவில்லை. பொங்கல் குளிர்காலச் சூரியத் திருப்பத்தில் வருகிறது என்றும் எழுதினார். இன்று ஜனவரி 14, 15-இல் வரும் தை முதல் நாள், சீகன்பால்கு காலத்தில் ஜனவரி 10-ஐ ஒட்டி வந்தது. நம் பஞ்சாங்கத்தின் நட்சத்திரக் கணக்கும் பருவக் கணக்கும் ஏறத்தாழ 70 ஆண்டுக்கு ஒரு நாள் விலகிக்கொண்டே வருவதால், பழைய ஆட்களின் பொங்கல் உண்மையாகவே டிசம்பருக்குக் கொஞ்சம் நெருக்கமாக இருந்தது.

அறுவடை இல்லாவிட்டால் பொங்கல் ஏது? 1781-இல் ஹைதர் அலியின் படை தஞ்சைச் சீமையை அழித்துவிட்டுப் போனது. பஞ்சம். அதற்குப் பிறகும் விளைச்சலில் குடியானவருக்குரிய பங்கை அரசாங்கத்து ஆட்கள் பிடுங்கிக்கொண்டதால் ஊர் ஊராக ஆட்கள் வயலை விட்டு ஓடினார்கள். ராஜா கூப்பிட்டும் திரும்பவில்லை. தஞ்சையில் பள்ளிக்கூடங்கள் நடத்திக்கொண்டிருந்த ஜெர்மானியப் பாதிரியார் கிறிஸ்டியன் பிரடெரிக் ஷ்வார்ட்ஸ் உங்கள் பங்கு கிடைக்கும் என்று வாக்குக் கொடுத்தார். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பி வந்தார்கள் என்று அவர் கடிதத்தில் இருக்கிறது. வாத்தியாரின் சொல்லுக்கு ராஜாவின் சொல்லைவிட மதிப்பு இருந்த காலம் அது. இளவரசர் சரபோஜிக்கும் அவரே காப்பாளர். 1798-இல் அவர் இறந்தபிறகு, சரபோஜி இங்கிலாந்தின் சிற்பி ஃபிளாக்ஸ்மனிடம் சலவைக்கல் சிற்பம் செய்யச் சொல்லித் தஞ்சைக் கோட்டைத் தேவாலயத்தில் வைத்தார்.

ஷ்வார்ட்ஸ் 12 வயதில் அழைத்து வந்து வளர்த்த மாணவர் வேதநாயக சாஸ்திரியார். பெத்லகேம் குறவஞ்சி பாடிய புலவர், தாமே ஆசிரியர். அவர் வளர்ந்த தஞ்சைத் திருச்சபையில் பண்டிகை என்றால் பூச்சரம், கல்யாணம் என்றால் மாலை, சாவு என்றாலும் மாலை, கோயிலுக்குள் தமிழ்க் கீர்த்தனை, வாத்தியம். 1820-களில் புதிய மிஷனரிகள் வந்தார்கள். பூ கூடாது, வாத்தியம் கூடாது, தமிழ்ப் பாட்டுக்குப் பதில் மொழிபெயர்த்த ஐரோப்பியப் பாட்டு என்றார்கள். பழைய வேதாகம மொழிபெயர்ப்பையும் மாற்றினார்கள். கூடவே, சாதிவாரியாக உட்காரும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் சொன்னார்கள். 1829-இல் சாஸ்திரியார் பூ, இசை, வேதாகமம், சாதி இருக்கை என்ற இந்த நான்கையும் கொடுமைகள் என்று வரிசைப்படுத்தி எதிர்ப்பு எழுதினார்.

மூன்றில் சாஸ்திரியார் பக்கம் நியாயம் இருந்தது. பூவும் இசையும் பழைய வேதாகமமும் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. அவற்றைப் பறிக்க வந்தவர்களுக்குத் தங்கள் ஊர் வழக்கத்துக்கும் தங்கள் வேதத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நான்காவதில் சாஸ்திரியார் பக்கம் நியாயமே இல்லை. பக்கத்து இருக்கையில் தாழ்த்தப்பட்டவர் உட்காருவதைப் பூச்சரம் பறிபோவதோடு ஒன்றாக வைத்து அழுவது எந்தக் காலத்திலும் ஏற்க முடியாதது. 1704-இல் நடந்ததுதான் 1829-லும் நடந்தது. பூவையும் சாதியையும் ஒரே மூட்டையாகக் கட்டி, எடுத்தால் இரண்டையும் எடு, விட்டால் இரண்டையும் விடு என்று வந்தவர்களும் நினைத்தார்கள், இருந்தவர்களும் நினைத்தார்கள். மூட்டையை அவிழ்க்க இங்கேயே உள்ளவர்கள்தான் பாடுபட வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1939-இல். அதற்கு முன் 'ஊர்த் திருவிழா' என்று யார் எழுதியிருந்தாலும், அந்த ஊரில் ஒரு பகுதி மக்கள் கோயில் மதிலுக்கு வெளியே நின்றிருந்தார்கள் என்று சேர்த்துப் படிக்க வேண்டும்.

பூ திரும்பி வந்துவிட்டது. தஞ்சைத் தேவாலயங்களில் ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் சரம் தொங்காத தூண் கிடையாது. அறுப்பின் பண்டிகைக்கு நெற்கதிரும் பூசணியும் வாழைத்தாரும் பீடத்துக்கு முன் குவிகின்றன. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29-இல் கொடி ஏறி, பத்து நாளும் தேர் பவனி நடந்து, செப்டம்பர் 8-இல் திருவிழா முடிகிறது. கொடியேற்றமும் தேரும் எந்த ஊர் வழக்கம் என்று திருவாரூர்க்காரரிடம் சொல்ல வேண்டியதில்லை. கத்தோலிக்கக் கோயில் வாசல்களில் தை முதல் நாள் பானை வைத்துப் பொங்குகிறார்கள். 1704-இல் தடுத்ததைப் போன்ற ஒரு வழக்கம் 21-ஆம் நூற்றாண்டில் கோயில் அறிவிப்புப் பலகையில் நேரம் குறித்து எழுதப்படுகிறது.

சீனர்களும் இந்தக் கரையில் ஒரு கட்டடம் விட்டுப் போயிருந்தார்கள். 14-ஆம் நூற்றாண்டில் கடலோடிய வாங் தாயுவான் என்ற சீனப் பயணி, நாகப்பட்டினம் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காணும் இடத்தில் செங்கல் கோபுரம் ஒன்றையும் அதில் சீன எழுத்தையும் பார்த்து எழுதினார். சியான்சுன் ஆட்சியின் மூன்றாம் ஆண்டு எட்டாம் மாதத்தில் வேலை முடிந்தது என்பது வாசகம். அதாவது 1267. சீனரின் நிலாத் திருவிழா வருவது அந்த எட்டாம் மாதத்துப் பௌர்ணமியில்தான். நம் கணக்கில் ஏறத்தாழ புரட்டாசி.

நாகப்பட்டினத்துக்கு வடக்கே 19-ஆம் நூற்றாண்டு வரை ஒரு பாழடைந்த செங்கல் கோபுரம் நின்றது. கடலோடிகள் அதைச் 'சீனக் கோயில்' என்றார்கள், ஊரார் 'புதுவெளிக் கோபுரம்' என்றார்கள். வாங் பார்த்ததும் இதுவும் ஒன்றா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரத்தோடு இதைச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். நாகப்பட்டினத்தில் கல்லூரி நடத்திக்கொண்டிருந்த ஏசு சபையார் அரசாங்கத்திடம் அனுமதி வாங்கி 1867-இல் அதை இடித்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் நடத்த வந்த வெளிநாட்டவர்கள் அறுநூறு ஆண்டுக்கும் குறையாத ஒரு கட்டடத்தைத் தரைமட்டமாக்கியதை எண்ணினால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. 1844-இல் நாகையில் தொடங்கிய அந்தக் கல்லூரியும் அங்கே நிலைக்கவில்லை. 1883-இல் திருச்சிக்குப் போனது. இன்றைய புனித வளனார் கல்லூரி அதுதான்.

கோபுரம் இடிந்த அதே 1867-இல் சென்னையில் ஒரு புத்தகம் அச்சேறியது. 154 ஆண்டு கிடப்பில் கிடந்த சீகன்பால்குவின் 'வம்சாவளி'. வில்ஹெல்ம் கெர்மன் என்ற ஜெர்மானிய மிஷனரி பதிப்பித்தார். ஒரே ஆண்டில், ஒரே கடற்கரையில், ஒரு வெளிநாட்டுக் குழு ஒரு நினைவை அழித்தது, வேறொருவர் ஒரு நினைவை மீட்டார்.

இந்த எழுத்துகளின் பெருமையை ஐரோப்பியப் பெயர்களுக்கே எழுதி வைப்பது நியாயமில்லை. சீகன்பால்குவுக்குப் பிடாரியின் படையலைச் சொன்னவர் யாரோ ஒரு தரங்கம்பாடிக்காரர். துபுவாவுக்கோ கேர்தூவுக்கோ வேப்பிலைத் தண்ணீரின் சேர்மானத்தைச் சொன்னது ஏதோ ஒரு வீட்டார். அழகப்பனும் கணபதி வாத்தியாரும் பெயர் தப்பிய இருவர். அந்த எழுபது வயது முதியவர், தன் பள்ளியையே பெயர்த்துக்கொண்டு போய் ஒரு வெள்ளைக்காரரைத் தரையில் உட்கார வைத்தவர், எல்லாப் புத்தகங்களிலும் 'வயதான பள்ளி ஆசிரியர்' என்று மட்டும் வருகிறார்.

அவருக்கென்று ஒரு திருவிழா இருந்தது. திண்ணைப் பள்ளி வாத்தியாருக்கு மாதச் சம்பளம் சொற்பம். நெல்லாகவும் காய்கறியாகவும் வருவதே அதிகம். கையில் ரொக்கம் புரள்வது மகாநவமியில். பிள்ளைகள் புது உடை உடுத்து, கோலாட்டக் கழியோடு வாத்தியார் முன்னே நடக்க வீடு வீடாகப் போய்ப் பாடி ஆடுவார்கள். வீட்டுக்காரர் தங்கள் வசதிக்கு ஏற்பப் பணமோ வேட்டியோ கொடுப்பார்கள். பிள்ளைகள் இந்த ஆண்டு என்ன படித்தார்கள் என்று ஊர் தெரிந்துகொள்வதும் அந்த ஊர்வலத்தில்தான்: பாட்டில் பிழை வந்தால் தெரு முழுக்கக் கேட்கும். அமாவாசை, பௌர்ணமி, பண்டிகை நாட்களில் திண்ணைப் பள்ளிக்கு விடுமுறை. மிஷன் பள்ளிகளும் அரசாங்க மானியப் பள்ளிகளும் பெருகியபோது ஞாயிற்றுக்கிழமை விடுமுறை வந்தது, வருகைப் பதிவேடு வந்தது, முதல் தேதிச் சம்பளம் வந்தது. வாத்தியாரின் சாப்பாடு ஊர்ப் பண்டிகையை நம்பி இருக்க வேண்டிய நிலை போனது, அது நல்லதுதான். மகாநவமி ஊர்வலமும் கூடவே போனது.

கும்பகோணம் பக்கத்து உத்தமதானபுரத்தைச் சேர்ந்த, 1855-இல் பிறந்த உ.வே. சாமிநாதையர் தம் பிள்ளைப் பருவத்துத் திண்ணைப் பள்ளிகளைப் பற்றி 'என் சரித்திரம்' நூலில் எழுதினார். 1940 முதல் ஆனந்த விகடனில் அது தொடராக வந்தபோது, படித்தவர்களில் வயதானவர்களுக்கு மட்டுமே அப்படி ஒரு பள்ளி நேரடியாகத் தெரிந்திருக்கும். மகாநவமிக்கு மறுநாளான விஜயதசமி மட்டும் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகவில்லை. அரசுப் பள்ளிகளும் அன்றைக்குக் கதவு திறந்து புதிய பிள்ளைகளைச் சேர்க்கின்றன.